அடுத்தவங்களுக்கு ஒரு பிடி

மூக்குக்கண்ணாடியை நெத்தியில ஏத்தி வச்சுக்கிட்டு வீடு பூரா தேடுற வயசு நமக்கு வந்துடுச்சு. அதனால உங்ககிட்ட தைரியமா ஒண்ணு கேக்கலாம். சின்ன வயசுல உங்க வீட்டு மாவு எங்க அரைபட்டுச்சு, ஞாபகம் இருக்கா? பாக்கெட் மாவு வந்தப்புறம் பொறந்ததுங்ககிட்ட கேட்டா முழிக்கும். நீங்க முழிக்க மாட்டீங்க. தூக்குச்சட்டியைக் கையில வச்சுக்கிட்டு மில்லு வாசல்ல நின்னிருப்பீங்க. யாருக்கு அடுத்து நிக்கக் கூடாதுங்கிறதும் உங்களுக்குத் தெரியும்.

தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். மாவு மிஷின் எப்பவும் ஒரு பிடி மாவைத் தன் வயித்துக்குள்ளயே வச்சுக்கும். அடுத்து வர்ற தானியம்தான் அதை வெளியில தள்ளும். கோதுமைக்கு அப்புறம் அரிசி போட்டா மொதல்ல விழறது ரெண்டுங்கெட்டான் மாவு. அது போவட்டும். மிளகாய்க்கு அப்புறம் அரிசி போட்டா, அந்த அரிசிக்காரி பாடு அவ்வளவுதான். மில்லு வாசல்ல நடக்கிற சண்டையில முக்கால்வாசி இதுதான். "நீங்க போங்கக்கா", "இல்லல்ல, நீ போம்மா". கல்யாணப் பந்தியில முண்டியடிக்கிற சனம் மில்லுல மட்டும் அவ்வளவு மரியாதையா வழி விடும்.

எங்க ஊர் நன்னிலத்துக்குத் தெற்கால. நாலு தெரு, ஒரு மாரியம்மன் கோயில், மூணு பக்கம் வயல், ஒரு பக்கம் வாய்க்கால். எனக்குப் பதினோரு வயசு. அப்பாவுக்குக் கொஞ்சம் குத்தகை நெலம், மிச்ச நாளெல்லாம் கூலி வேலை. மாவு அரைக்கணும்னா மெயின்ரோட்டு மில்லுக்குத்தான் போவணும். ரெண்டு மைல் நடை. அங்க மொதல்ல நெல்லு மூட்டை, அப்புறம் டவுன் ஓட்டல்காரங்க சரக்கு, கடைசியாத்தான் எங்க தூக்கு. காலையில போன அம்மா வெயில் சாஞ்சப்புறம் வரும். தலையில மாவு, புருவத்துல மாவு, மூஞ்சியில கோவம்.

அந்த வருஷம் வைகாசி மாசம் ஒரு மேடம் எங்க ஊருக்கு மொபெட்ல வந்தாங்க. பொம்பளைங்களைக் குழுவா சேத்துச் சின்னத் தொழில் ஆரம்பிக்க உதவி பண்றது அவங்க வேலை. பொட்டலம் பொட்டலமா யோசனை வச்சிருந்தாங்க. மெழுகுவத்தி, பினாயில், ஊதுபத்தி. அம்மா கையைக் கட்டிக்கிட்டு எல்லாத்தையும் கேட்டுச்சு. கடைசியில, "இந்த ஊர்ல யாருங்க மேடம் மெழுகுவத்தி வாங்குவா? கரண்டு போனா சிம்னி ஏத்துவோம். பினாயில் ஊத்திக் கழுவ இங்க எவ வீட்டுல கக்கூஸ் இருக்கு? மாவு எல்லாருக்கும் வேணும். எங்களுக்கு மாவு மிஷின் வேணும்"னுச்சு.

மேடம் சிரிக்கல. நோட்டை மூடி வச்சுட்டு, "அப்ப மிஷின்"னாங்க. இப்ப யோசிக்கிறேன், அந்த நோட்டை மூடினதுதான் அவங்க பண்ணின பெரிய உதவி. நானும் இப்ப அதே வேலையில இருக்கேன். நோட்டை மூடறது எவ்வளவு கஷ்டம்னு எனக்குத் தெரியும்.

அஞ்சு பேர் குழுவுல சேந்தாங்க. அம்மா தலைவி. எங்க சித்தி, அதாவது சித்தப்பா பொண்டாட்டி, மிஷின் ஓட்டுற ஆளு. பேங்க்ல பேசி மிஷினுக்கு வழி பண்ணினாங்க மேடம். இடந்தான் இல்ல. கோயிலுக்குப் பக்கத்துல பஞ்சாயத்து அறை ஒண்ணு, உரமூட்டை அடுக்குறதுக்காக வச்சிருந்தது, காலியா கெடந்துச்சு. பஞ்சாயத்துத் தலைவர் சாவியைக் குடுத்தாரு, ஆனா ஒரு நிபந்தனையோட. "ஆடி கடைசி வரைக்கும் வச்சுக்குங்க. ஆடிக்குள்ள ஊரு உங்க மிஷினுக்கு வந்துச்சுன்னா பாக்கலாம். வரலன்னா சம்பாவுக்கு உரம் எறங்கும், எனக்கு அறை வேணும்."

ஒண்ணரை மாசந்தான். அம்மா அன்னையிலேர்ந்து காலண்டர் தாளைக் கிழிக்கிறதையே விட்டுடுச்சு. கிழிச்சா நாள் கொறையுதாம்.

அந்த நிபந்தனை எங்கேர்ந்து வந்துச்சுங்கிறது பல வருஷம் கழிச்சு, என் கல்யாணத்துல வெளிய வந்துச்சு. தலைவர் வெத்தலை போட்டுக்கிட்டே, "உங்கப்பாதான் வந்து, ஆடி வரைக்கும் விட்டுப் பாருங்கன்னு கேட்டாரு"ன்னாரு. அம்மா அப்பாவைத் திரும்பிப் பாத்துச்சு. அப்பா கால் விரலைப் பாத்துக்கிட்டு, "கொஞ்சமா கேட்டாத்தான் குடுப்பாருன்னு நெனச்சேன்"னாரு. "ஒரு வருஷம்னு கேட்டிருந்தாலும் குடுத்திருப்பேனேய்யா"ன்னாரு தலைவர். கல்யாண வீட்டுல வச்சு அம்மா ஒண்ணும் பேசல. வீட்டுக்கு வந்து பேசிச்சு.

மிஷின் மாட்டுவண்டியில வந்து எறங்குச்சு. பச்சை பெயிண்ட், புது கிரீஸ் வாசனை. நாங்க பிள்ளைங்கள்லாம் தொட்டுத் தொட்டு மோந்து பாத்தோம். மாவு விழற எடத்துல நீளமா ஒரு துணிக்குழாய் கட்டணும், இல்லன்னா மாவு அறை பூரா பறக்கும். அம்மா தன்னோட பழைய அரக்கு நிறச் சேலையைக் கிழிச்சு அதைத் தைச்சுச்சு. "அரக்குன்னா அழுக்குத் தெரியாது"ன்னு பெருமையா சொல்லிச்சு. இந்த வார்த்தையைக் கொஞ்சம் ஞாபகத்துல வச்சுக்குங்க.

மேடம் தேங்கா ஒடச்சாங்க, சித்தி சுவிட்சைப் போட்டுச்சு, சத்தம் ஊருக்கே கேட்டுச்சு. மறுநாள் யாரும் வரல. அதுக்கு மறுநாளும் வரல. பொம்பளைங்க ஓட்டுற மிஷின், பெல்ட்டு அறுந்தா என்ன பண்ணுவாளுங்க, கல்லு தேஞ்சா யாரு கொத்துவா, மாவு நைஸா வருமா வராதா. ஊர் வாயை மூட உலைமூடி ஏது. அஞ்சு பேரும் வாசல்ல உக்காந்து ஒருத்தி தலையில ஒருத்தி பேன் பாத்துக்கிட்டு இருந்தாங்க.

அப்பத்தான் அம்மா ஒரு காரியம் பண்ணுச்சு. "எங்க மிஷின்ல முதல் மாவு எங்களுது. யாரும் யாருக்கும் அடுத்து நிக்க வேணாம்"னு தெருத்தெருவா சொல்லிட்டு வந்துச்சு. அதாவது ஒருத்தர் மிளகாய் அரைச்சாங்கன்னா, அடுத்தவங்க அரிசியைப் போடுறதுக்கு முன்னாடி எங்க வீட்டு அரிசி ஒரு படி உள்ள போவும். மிஷினைக் கழுவி விட்ட மாதிரி அது எல்லாத்தையும் தள்ளிக்கிட்டு வெளிய வரும். அந்த மாவு எங்க வீட்டுக்கு. ஊர்க்காரங்களுக்கு இது புடிச்சிருந்துச்சு. ஒண்ணு ரெண்டா வர ஆரம்பிச்சாங்க.

ஊருக்குப் புடிச்சது எனக்குப் புடிக்கல. அந்தக் கலப்பட மாவுலதான் எங்க வீட்டுல தெனமும் அடை. ஒரு நாள் மல்லி வாடை, ஒரு நாள் கேவுரு, ஒரு நாள் மஞ்சள். மிளகாய் அரைச்ச அன்னிக்கு அடை செவசெவன்னு இருக்கும், மொத வாயிலயே மூக்குல தண்ணி கொட்டும். பள்ளிக்கூடத்துல என் டிபன் பாக்ஸைத் தெறந்து பாத்துட்டு, "இன்னிக்கு என்ன கலருடி?"ன்னு கேப்பாளுங்க. நான் அழுதுட்டு வந்து அம்மாகிட்ட சண்டை போடுவேன். அப்பா மட்டும் எந்த அடையைப் போட்டாலும் ரெண்டு தின்னுட்டு, தண்ணியைக் குடிச்சுட்டு, "நல்லாத்தான் இருக்கு"ம்பாரு. அவரு நாக்குல ஏதோ கோளாறுன்னு நான் ரொம்ப நாள் நம்பிக்கிட்டு இருந்தேன்.

இந்த எடத்துல எங்க அத்தையைப் பத்திச் சொல்லியாவணும். அப்பாவோட கூடப்பொறந்த அக்கா, அம்மாவுக்கு நாத்தனார். அடுத்த தெருவுலதான் வாக்கப்பட்டிருந்துச்சு. நல்ல ஒசரம், நீள மூக்கு, கணீர்னு குரல். எங்க வீட்டுக்கு வந்தா அடுப்படிக்குள்ள போயி ஒவ்வொரு மூடியா தெறந்து பாத்துட்டுத்தான் உக்காரும். "இதென்ன கொழம்பு, கழனித் தண்ணியாட்டம்?" அதோட மூக்கு எனக்கு அப்படியே வந்திருக்குன்னு ஊர்ல எல்லாரும் சொல்லுவாங்க. யாராச்சும் "அப்படியே அத்தை"ன்னு சொல்லிட்டா நான் அன்னிக்குச் சோறு திங்க மாட்டேன். அவ்வளவு புடிக்காது.

ஆடி பொறந்துச்சு. வாய்க்கால்ல தண்ணி கலங்கலா வந்துச்சு, குறுவை நாத்து தலையெடுத்து நின்னுச்சு. ஆனா மிஷினுக்கு வந்தவங்க நாலுல ஒரு பங்குதான். மீதி ஊரு இன்னும் மெயின்ரோட்டுக்கே நடந்துச்சு. அம்மா கணக்குப் போட்டது கடைசி வெள்ளிக்கெழமையை வச்சு. அன்னிக்கு மாரியம்மனுக்கு ஊரே மாவெளக்கு போடும். பச்சரிசியை ஊறவச்சு, துணியில நெழலா காயவச்சு, ஈரம் போறதுக்குள்ள இடிச்சு, வெல்லத்தோட பெசைஞ்சு, நடுவுல குழி பண்ணி நெய்யூத்தித் திரி போடணும். சாமிக்கு வைக்கிற வரைக்கும் பச்சைத்தண்ணி பல்லுல படக் கூடாது, மாவை ருசி பாக்கவே கூடாது. மெயின்ரோட்டு மில்லுல அதை அரைக்கக் கொண்டு போவ மாட்டாங்க, கண்ட கை படும்னு. எல்லாரும் ஒரல்ல இடிப்பாங்க. மறுநாள் பாதி ஊருக்குத் தோள்பட்டை வீங்கும்.

அம்மா வீடு வீடா போச்சு. "நாங்க விடியக்காலையில தலைக்குக் குளிச்சுட்டு, வெரதத்தோட, நாங்களே அரைச்சுத் தர்றோம். ஒரு வாரத்துக்கு மிளகாய் உள்ளயே போவாது. ஒரல்ல இடிச்ச பதம் வரலன்னா என்னைக் கேளுங்க." பொம்பளைங்க மிஷின்னு எது கொறையா இருந்துச்சோ அதையே அம்மா நெறையா மாத்திடுச்சு. ஊர்ல பாதிக்கு மேல சரின்னுட்டாங்க. அம்மா அன்னிக்குத்தான் காலண்டர் தாளை மொத்தமா கிழிச்சுச்சு.

வியாழக்கெழமை மத்தியானம் அத்தை வந்துச்சு. இடுப்புல பித்தளை அடுக்கு. உள்ள வறுத்த மிளகாயும் மல்லியும், கொஞ்சம் வெந்தயமும். அறை வாசல்லயே அம்மா எழுந்து நின்னு, "வாங்கண்ணி. இந்த வாரம் மிளகாய் போடுறதில்லண்ணி. சனிக்கெழமை அரைச்சுத் தர்றேன்"னுச்சு.

"சனிக்கெழமை எனக்கு எதுக்கு? நாளைக்கு எம்பொண்ணைப் பாக்க சம்பந்தி வீட்டுலேர்ந்து வர்றாங்க. கொழம்பு வைக்கணும்ல?"

"வீட்டுப்பொடி நான் தர்றேண்ணி. ரெண்டு நாளைக்கு வரும்."

"உன் பொடி எனக்கு வேணாம். என் தம்பி வீட்டு மிஷின்ல என் மிளகாய்க்கு எடம் இல்லன்னு ஊருக்கே சொல்லிடவா?"

அவ்வளவுதான். சம்பந்தி வர்ற நேரம், நாத்தனாரோட மனஸ்தாபம், ஊரெல்லாம் பேச்சு. அம்மா சித்தியைப் பாத்துச்சு. சித்தி தலையை வேண்டாம்னு ஆட்டுச்சு. அம்மா அடுக்கை வாங்கிக்கிச்சு. நான் சன்னல்ல தொங்கிக்கிட்டு எல்லாத்தையும் பாத்தேன். வேணும்னேதான் வந்திருக்கு இந்த அத்தைன்னு எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

அரைச்சு முடிச்சதும் அம்மா எங்க வீட்டு அரிசி ஒரு படி இல்ல, ரெண்டு படி போட்டுச்சு. கல்லைக் கழட்டித் தொடைச்சுச்சு. கடைசியில விழுந்த மாவு வெள்ளை வெளேர்னு இருந்துச்சு. வெள்ளிக்கெழமை விடிஞ்சும் விடியாம ஈரத் தலையோட அஞ்சு பேரும் நின்னாங்க. வரிசை கோயில் வரைக்கும் போச்சு. மாவு பூவாட்டம் விழுந்துச்சு. கெழவிங்க விரல்ல தேச்சுப் பாத்துத் தலையை ஆட்டினாங்க. யாரும் ருசி பாக்கல. சாமி மாவை எப்படிப் பாப்பாங்க?

சாயங்காலம் கோயில் வாசல்ல வரிசையா தட்டு. ஒவ்வொரு தட்டுலயும் மாவெளக்கு எரிஞ்சுச்சு. வெளக்கு அமந்ததும் பூசாரி ஒவ்வொண்ணுலேர்ந்தும் கொஞ்சம் எடுத்து, மொத உருண்டையைத் தன் வாயில போட்டுக்கிட்டாரு. அப்புறம் அவரு இருமினது எனக்கு இன்னும் காதுல இருக்கு. கண்ணெல்லாம் செவந்து, சூலத்தைப் புடிச்சுக்கிட்டு, "மாரியம்மா உக்கிரமா இருக்கா"ன்னாரு. ரெண்டு பேரு கன்னத்துல போட்டுக்கிட்டாங்க. அதுக்குள்ள சின்னப் புள்ளைங்க அழ ஆரம்பிச்சிருச்சு. வாயைத் தெறந்து நாக்கை நீட்டிக்கிட்டு ஒண்ணு. அத்தையோட வருங்கால சம்பந்தி அம்மா தண்ணிக்குத் தவிக்குது. தலைவர் ஒரு துளி எடுத்து நாக்குல வச்சுட்டுச் சொன்னாரு, "அம்மாவும் இல்ல, உக்கிரமும் இல்ல. மிளகாய்."

ஒரல்ல இடிச்சவங்க மாவு நல்லா இருந்துச்சு. மிஷினுக்கு மொதல்ல வந்த ஏழெட்டு வீட்டு மாவுலதான் காரம். ஊரே அம்மாவைத் திரும்பிப் பாத்துச்சு. சாமிக்குக் காரம் வச்ச பாவம் யாரைச் சேரும்னு ஒரு குரல். எவ மிளகாய் அரைச்சான்னு இன்னொரு குரல்.

அம்மா முன்னால வந்து நின்னுச்சு. "தப்பு நடந்துபோச்சு. மன்னிச்சுக்குங்க."

"அரைச்சது யாரு வீட்டு மிளகாயின்னு கேக்குறோம்ல?"

"மிஷின் எங்களுது. தப்பும் எங்களுதுதாங்க."

அத்தை சம்பந்தியம்மா பக்கத்துல நின்னுக்கிட்டு இருந்துச்சு. வாயே தெறக்கல. தலைவர் தோள்துண்டை ஒதறிப் போட்டுக்கிட்டு, "திங்கக்கெழமை காலையில சாவியைக் குடுத்துடும்மா"ன்னுட்டுப் போயிட்டாரு.

வீட்டுக்கு வந்ததும் நான் குதிச்சேன். நான் போய்ச் சொல்றேன், அத்தை மிளகாயின்னு ஊர் பூரா சொல்றேன்னு. அம்மா என் வாயைப் பொத்துச்சு. "அவங்க பொண்ணுக்கு இப்பத்தான் ஒரு எடம் கூடி வந்திருக்கு. நாத்தனார் பேரைத் தெருவுல இழுக்கவா நான் மிஷின் வச்சேன்? வாயைத் தெறந்தே, தோலை உரிச்சிடுவேன்." சொல்லிட்டுத் திரும்பிக்கிட்டு, முந்தானையால மூஞ்சியை மூடிக்கிட்டு அழுதுச்சு. எங்கம்மா அழுது நான் அதுக்கு முன்னாடி பாத்ததில்ல. நான் அத்தை வீட்டுப் பக்கம் திரும்பி நின்னு, தெரிஞ்ச சாபத்தையெல்லாம் விட்டேன்.

சனிக்கெழமை மேடம் வந்தாங்க. சித்தி அழுதுக்கிட்டே, தலைவர்கிட்ட நீங்க ஒரு வார்த்தை பேசுங்க மேடம்னுச்சு. அவங்க அதைக் காதுலயே வாங்கல. "காரம் எங்கேர்ந்து வந்துச்சு, கண்டுபிடிச்சீங்களா?"ன்னாங்க. ரெண்டு படி அரிசி போட்டோம், வெள்ளையாத்தான் வந்துச்சுன்னு அம்மா சொல்லிச்சு. அவங்க விடல. மிஷினை ஒவ்வொரு சாமானா கழட்ட வச்சாங்க. கல்லு சுத்தம், உள்பக்கம் சுத்தம். கடைசியில அந்த அரக்குத் துணிக்குழாயை அவுத்து ஒரு வாளித் தண்ணியில முக்கினாங்க. தண்ணி செவந்துச்சு.

காஞ்ச அரிசி போட்டப்ப மாவு துணியைத் தொடாம வழுக்கிக்கிட்டு விழுந்துடுச்சு. ஈர மாவு துணியில ஒட்டி ஒட்டி எறங்கி, அதுல படிஞ்சிருந்த மிளகாயையெல்லாம் தொடைச்சு எடுத்துக்கிட்டு வந்துடுச்சு. அரக்குத் துணியில செவப்பு யார் கண்ணுக்குத் தெரியும்? மாவுல லேசா ஏறின செவப்பும் விடியாத இருட்டுல தெரியல, வெல்லம் சேந்தப்புறம் கேக்கவே வேணாம். அம்மா வாளியவே பாத்துக்கிட்டு நின்னுச்சு. "அழுக்குத் தெரியக் கூடாதுன்னு நெனச்சேன் மேடம்"னுச்சு.

மேடம் கெளம்பும்போது, திங்கக்கெழமை நான் வரமாட்டேன்னுட்டாங்க. எனக்கு ஆத்திரமா வந்துச்சு, பயந்தாங்கொள்ளின்னு மனசுக்குள்ள திட்டினேன். மொபெட்டை ஸ்டார்ட் பண்ணிட்டு அம்மாகிட்ட, "நான் வந்து பேசினா அது என் மிஷின் ஆயிடும்மா"ன்னாங்க. அதுக்கு அர்த்தம் புரிய எனக்கு இருபது வருஷம் ஆச்சு. அம்மா அன்னிக்கே வெள்ளை வேட்டி ஒண்ணைக் கிழிச்சுப் புதுக் குழாய் தைக்க உக்காந்துடுச்சு. சாவியைக் குடுக்கப் போற மிஷினுக்கு எதுக்கு இதுன்னு சித்தி கேட்டுச்சு. அம்மா ஊசியில நூல் கோத்துச்சு.

திங்கக்கெழமை காலையில அறை வாசல்ல கூட்டம். வேடிக்கை பாக்கத்தான். தலைவர் வந்து நின்னாரு. அம்மா இடுப்புலேர்ந்து சாவியை எடுத்துச்சு. அப்ப தெருமுனையிலேர்ந்து அத்தை வர்றது தெரிஞ்சுச்சு. இடுப்புல அதே பித்தளை அடுக்கு. இன்னும் என்ன பண்ண வருதோன்னு எனக்குப் பல்லு நறநறன்னுச்சு.

அத்தை நேரா வந்து அடுக்கை வாசப்படியில வச்சுச்சு. உள்ள ஈரப் பச்சரிசி.

"மிளகாய் என்னுது"ன்னுச்சு. கணீர்னு, தெருக்கோடி வரைக்கும். "வேணாம் வேணாம்னு சொன்னவளை நான்தான் மல்லுக்கட்டி அரைக்க வச்சேன். மாவெளக்கை வாயில வச்சதுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, என் கையால வறுத்த மிளகாய் எனக்குத் தெரியாதா? மூணு நாளா காத்துக்கிட்டு இருந்தேன், இவ எப்ப என் பேரைச் சொல்லுவான்னு. சொன்னா சண்டை போடலாம்னு இருந்தேன். இவ சொல்லவே இல்ல." அத்தை முந்தானையால மூக்கைத் தொடைச்சுக்கிச்சு. "சம்பந்தி வீட்டுலயும் சொல்லிட்டேன். சிரிச்சாங்க. பொண்ணு வேணாம்னு யாரும் சொல்லல."

அப்புறம் அம்மாகிட்ட மெதுவா, ஆனா எங்க எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லிச்சு: "சம்பந்திக்குக் கொழம்பு ஊத்தும்போது, இது என் தம்பி வீட்டு மிஷின்ல அரைச்ச பொடின்னு சொல்லணும்னு ஆசை. அதுக்குத்தாண்டி அவ்வளவு வீம்பு."

நான் வாயைப் பொளந்துக்கிட்டு நின்னேன். தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும்பாங்க. கெடுக்க வந்துச்சுன்னு நெனச்ச அத்தை பெருமைப்பட்டுக்க வந்திருக்கு. அது தெரியாம மூணு நாளா நான் அதுக்கு விட்ட சாபம் எத்தனை.

"இப்ப இந்த ஈர அரிசியைப் போடு"ன்னுச்சு அத்தை. சித்தி சுவிட்சைப் போட்டுச்சு. புது வெள்ளைக் குழாய் வழியா மாவு விழுந்துச்சு. அத்தை ஒரு பிடி அள்ளி, ஊரு பாக்க, வெறும் மாவை வாயில போட்டு மென்னுச்சு. எல்லாரும் அது மூஞ்சியையே பாத்தாங்க. அது முழுங்கிட்டு, "காரம் இல்ல. உன் கொழம்பு மாதிரியே இதுலயும் ஒண்ணும் இல்ல"ன்னுச்சு. அம்மாவுக்கே சிரிப்பு வந்துடுச்சு.

அத்தை விடல. "சாமி மாவை ருசி பாக்கக் கூடாது. சரி. அதுக்கு முன்னாடி மனுஷ மாவு ஒரு பிடி அரைச்சு, ஒருத்தி தின்னு பாத்தா என்ன? அந்த ஒரு பிடியை எதுக்கு இவ வீட்டுலேர்ந்தே போடணும்? என் தம்பி ஒரு மாசமா கண்ட கலர்ல அடை திங்கிறான்." சொல்லிக்கிட்டே மூலையில கெடந்த ஒரு காலி பிஸ்கட் டின்னை எடுத்து, அடுக்குல மிச்சமிருந்த அரிசியில ஒரு பிடியைப் போட்டுச்சு. "இது அடுத்து வர்றவளுக்கு"ன்னுச்சு.

தலைவர் தாடையைச் சொறிஞ்சுக்கிட்டு, "அதெல்லாம் சரி, சம்பா உரத்தை நான் எங்க எறக்குறது?"ன்னாரு. கூட்டத்துக்குப் பின்னாடியிருந்து, தூக்குல கோதுமையோட அவரு சம்சாரமே முன்னால வந்துச்சு. "நம்ம மாட்டுக்கொட்டாயில எறக்குங்க. தள்ளுங்க, நான் அரைக்கணும்." டின்னுல ஒரு பிடி கோதுமையைப் போட்டுட்டு வரிசையில நின்னுக்கிச்சு. அம்மா சாவியைத் திரும்ப இடுப்புல சொருகிக்கிட்டதை நான் பாத்தேன்.

அன்னையிலேர்ந்து அந்த டின்னு அங்கேயே இருந்துச்சு. வர்றவங்க எல்லாரும் ஒரு பிடி. மிளகாய்க்கு அப்புறம் அதுலேர்ந்துதான் மிஷினுக்குப் போடுவாங்க. அந்த மாவைக் குழுவுல அஞ்சு வீடும் மொறை வச்சு எடுத்துக்கிட்டாங்க. எங்க வீட்டுல செவப்பு அடை வாரத்துக்கு ஒரு நாளா கொறைஞ்சுச்சு. அப்பா அதுக்கும் நல்லாத்தான் இருக்குன்னாரு. ரெண்டாவது மிஷின் வந்துச்சு, முறுக்கு மாவு, சத்துமாவுன்னு டவுனுக்குப் போச்சு. ஒரு புயல் வருஷத்துல கூரையோட அந்த டின்னும் போயிடுச்சு. அத்தையும் இப்ப இல்ல.

போன மாசம் வேதாரண்யம் பக்கம் கடலோரத்து ஊர் ஒண்ணுல புதுக் குழு, புது மிஷின். கருவாட்டுப் பொடியும் மசாலாப் பொடியும் அரைச்சு விக்கப் போறாங்க. அவங்க யோசனைதான், நான் நோட்டை மூடிட்டேன். கருவாடு அரைச்சுக் காமிச்சாங்க. மணம் ஆளைத் தூக்குச்சு. அடுத்து மல்லி அரைக்கணும், வெளியில மூணு பேரு தூக்கோட நிக்கிறாங்க. குழுத் தலைவி, முப்பது வயசு இருக்கும், என்னைப் பாத்து, "மேடம், மொதல்ல யாருதைப் போடுறது?"ன்னு கேட்டுச்சு. மூணு பேரும் ஒரே நேரத்துல ஒரு அடி பின்னால போனாங்க.

நான் கைக்குட்டையில முடிஞ்சு வச்சிருந்த அரிசியை அவுத்தேன். எந்த ஊர் மிஷினுக்குப் போனாலும் ரெண்டு மூணு பிடி எடுத்துக்கிட்டுத்தான் போவேன். "மொதல்ல என்னுதைப் போடுங்க"ன்னேன். விழுந்த மாவை ஒரு விரல்ல தொட்டு எல்லாருக்கும் முன்னாடி வாயில வச்சேன். மூணு தடவை போட்டு, மூணாவதுலதான் கருவாட்டு வாடை போச்சு. அந்தப் பொண்ணு ஒண்ணுமே கேக்காம உள்ள போயி ஒரு காலி டப்பாவைத் தேடி எடுத்துக்கிட்டு வந்துச்சு.

வெளிய வந்து அம்மாவுக்கு போன் போட்டேன். எழுபது தாண்டியாச்சு, காது கொஞ்சம் மந்தம், கேள்வி மட்டும் இன்னும் கூர்மை.

"வெள்ளைத் துணிதானே கட்டியிருக்காங்க?"

"வெள்ளைதாம்மா."

"மொத வாய் யாரு தின்னு பாத்தது?"

"நான்தான். எல்லாருக்கும் முன்னாடி நின்னு தின்னேன்."

அம்மா போன்லயே சிரிச்சுச்சு. அப்புறம், "அப்படியே உங்க அத்தை"ன்னுச்சு.

நான் அந்தக் கடக்கரை ரோட்டுல, போனைக் காதுல வச்சுக்கிட்டே, மூக்கைத் தொட்டுப் பாத்துக்கிட்டு அழுதேன். வீட்டுக்கு வந்து, கைக்குட்டையில முடிஞ்சு எடுத்துட்டு வந்த அந்தக் கருவாட்டு மாவுல அடை சுட்டு, வயிறு நெறையத் தின்னேன்.